மறு: காற்று குறைந்தால் காற்றாலைக்காரருக்குப் பணம் தரும் காப்பீட்டுக்குத் தமிழ்ச்சொல் என்ன?

> ‘வானிலை இழப்புக் காப்பீடு’ என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். இடி விழுந்து இறக்கை உடைந்தது, புயலில் கோபுரம் சாய்ந்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதற்குப் பழைய காப்பீடே இருக்கிறது. எந்திரம் பழுதில்லாமல் நிற்க, காற்று மட்டும் ஏமாற்றிவிடுகிற நிலைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் காற்றாலைகளுக்குத் தென்மேற்குப் பருவக் காற்றை நம்பித்தான் ஆண்டு வருமானமே. காற்றின் வேகம் 10 விழுக்காடு குறைந்தால் அதிலுள்ள ஆற்றல் 27 விழுக்காடு குறைந்துவிடும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது அது. வங்கித் தவணையோ ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இதில் சேதத்தைப் பார்வையிட யாரும் வருவதில்லை. ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்குக் கீழே காற்று போனால் பணம் வரும், அவ்வளவுதான். எனவே ‘காற்றளவுக் காப்பீடு’ என்பது என் பரிந்துரை. இதே வார்ப்பில் மழையளவுக் காப்பீடு, வெயிலளவுக் காப்பீடு என்று நீட்டிக்கொண்டே போகலாம். 2007-இல் இந்தியாவில் தொடங்கிய வானிலை சார்ந்த பயிர்க் காப்பீடும் இந்த வகைதான்.

> முன்பு இங்கே வந்த ‘காற்றுப்பொய்ப்பு’ என்னாயிற்று?

அருமையான சொல் அம்மா, விட்டுவிடக் கூடாது. மழை பொய்த்தது என்கிறவர்களுக்குக் காற்று பொய்த்தது என்பது உடனே பிடிபடும். 2021-இல் பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் காற்று வழக்கத்தைவிடக் குறைந்துபோனதை அப்படித்தான் எழுத வேண்டும். நிகழ்வுக்கு அது இருக்கட்டும். காப்பீட்டுக்கு வைத்தால், காற்று அறவே நின்றால்தான் பணம் என்று ஆகிவிடும்.

அப்புறம், அமெரிக்காவில் கான்சாஸின் 178 மெகாவாட் புளூம் காற்றாலை அலையன்ஸ் காப்பீட்டுக் குழுமத்துடன் செய்த பத்தாண்டு ஏற்பாட்டைக் காப்பீடு என்று எழுதாதீர்கள். அலையன்ஸ் நிலையான தொகை ஒன்றைத் தரும். அங்கே அளந்த காற்றுக்கு எவ்வளவு வருவாய் வந்திருக்க வேண்டுமோ அந்தத் தொகை அலையன்ஸுக்குப் போகும். காற்று மிகுந்த ஆண்டில் ஆலைக்காரர்தான் கொடுப்பார். இருவழிப் பணம் என்பதால் ‘கணக்கு வருவாய்ப் பரிமாற்று ஒப்பந்தம்’ என்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒன்று: காற்றளவு சரியாக இருந்தும் ஆலையின் வருமானம் படுத்துவிட்டால் பணம் வராதே, அந்த இடருக்கு என்ன பெயர்? ‘அளவுப்பிசகு’ என்றால் கருவி தவறிவிட்டதுபோல் தொனிக்கிறது. ‘பொருந்தா இடர்’ சரிவருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.