ரிடக்‌ஷன்: சுருக்கமா, குறுக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ரிடக்‌ஷன்’ (கணிதத்தில் ஒரு சமன்பாட்டைக் கையாள எளிய வேறு வடிவுக்குக் கொண்டுவருவது) என்பதற்குச் ‘சுருக்கம்’ போதும் என்று போன மடலில் அண்ணன் எழுதியிருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நாங்கள் ‘வீவக’ என்கிறோமே, அது சுருக்கம். ஜூனியர் காலேஜில் படிக்கும் என் மகளிடம் “சமன்பாட்டைச் சுருக்குவது” என்றேன். “கட்டுரையைச் சுருக்கி எழுதுவது போலவா அப்பா?” என்று கேட்டாள். இங்கே பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். சொல்லே வழிகாட்டினால்தான் உண்டு.

இந்தச் சொல் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று பார்ப்போம். தளத்தில் இரண்டு மாறிகள், அவை மாறும் வேகத்தைச் சொல்லும் இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகள். (இலங்கையில் வகையீட்டுச் சமன்பாடு; அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.) நேரியல் பகுதி வெறும் சுழற்சி, மற்றவை எல்லாம் இரண்டாம் படி உறுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். துருவ ஆயத்தொலைவுக்கு மாறி, ஆரம் மாறும் வேகத்தைக் கோண வேகத்தால் வகுத்தால் காலம் கழன்றுவிடும். ஆனால் பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, ஆரம் உட்கார்ந்துகொள்ளும். 1976இல் கணிதவியலாளர் செர்காஸ் கை வைத்தது அங்கேதான். ஆரத்தைக் கோண வேகத்தால் வகுத்து, வருவதையே புதிய மாறியாக எடுத்துக்கொண்டால் கீழே இருந்த அந்தப் பகுதி மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது ஏபெல் சமன்பாடு: ஒரே மாறி, அதன் இருபடியும் முப்படியும், கெழுக்களாகக் கோணத்தின் சைன் கொசைன் கோவைகள். கோண வேகம் பூஜ்யமாகாத இடத்தில் மட்டும்தான் இது செல்லும்.

தொடங்கியது இரண்டாம் படி, வந்து நின்றது மூன்றாம் படி. இதில் எது சுருங்கியது? குறைந்தது மாறிகளின் எண்ணிக்கை மட்டும்தான். ஆதிப்புள்ளியைச் சுற்றிய எல்லை வளையம் (லிமிட் சைக்கிள்: தனித்து நிற்கும் மூடிய பாதை) இப்போது, கோணம் ஒரு சுற்று முடித்ததும் பழைய மதிப்புக்கே திரும்பும் தீர்வாக இருக்கிறது. கணிதவியலாளர் ஹில்பர்ட் 1900இல் வைத்த 16ஆம் வினாவின் ஒரு பாதி, இப்படிப்பட்ட வளையங்கள் அதிகபட்சம் எத்தனை என்பதுதான். இரண்டாம் படிக்கே இன்னும் விடை இல்லை. அதனால் வளையம் தொலையாமல் மாறியை மட்டும் குறைப்பது பெரிய உதவி.

இதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் கிடக்கிறது: குறுக்கம். ‘வளையல்’ என்பதில் ளை அப்படியே நிற்கிறது. ஐகாரத்தின் மாத்திரை மட்டும் இரண்டிலிருந்து ஒன்றாகிறது. இங்கும் இரண்டு ஒன்றாகிறது! (வளையல் என்ற சொல்லே வந்து மாட்டியது தற்செயல்தான்.)

‘ஒடுக்கம்’ வேண்டாம், அதை வேதியியல் எடுத்துக்கொண்டுவிட்டது. கரிசல் பக்கம் குறுக்கம் என்றால் நில அளவு. அதனோடு குழப்பம் வராது. ‘குறுக்கு’ என்று மயங்குமோ என்பதுதான் என் பயம். ‘ஏபெல் சமன்பாடாகக் குறுக்கலாம்’ என்று வினையாக எழுதிப் பாருங்கள், சரியாகவே இருக்கிறது.

ஒன்று மட்டும்: ‘இர்ரிட்யூசிபிள்’ பல்லுறுப்புக்கோவை வேறு சங்கதி. அது காரணிப்படுத்த முடியாதது. அங்கே குறுக்கத்தைக் கொண்டுபோக வேண்டாம்.