வெள்ளம் வந்த வீடும் இன்சூரன்ஸும்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

புதுவீடு தேடுபவன்
சென்னைல தாம்பரத்தை ஒட்டின முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு பார்த்து வெச்சிருக்கோம். "2015 வெள்ளத்துக்கு அப்புறம் இந்தத் தெருவுல தண்ணியே ஏறல சார்"ங்கறார் புரோக்கர். எதிர் வீட்டுப் பாட்டி மட்டும் "ஐப்பசி கார்த்திகைல ஒரு தடவை வந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுப்பா"ன்னாங்க. அந்தப் பக்கம் குடியிருக்கறவங்க, வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்து கிளெய்ம் வாங்கினவங்க நடந்ததைச் சொல்லுங்களேன்.

வரதராஜபுரம் பழைய ஆள்
பாட்டி பேச்சைக் கேளுங்க.

2015 டிசம்பர் 1 ராத்திரி எங்க வீட்ல ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணி. தாம்பரத்துல மட்டும் 49 செ.மீ. மழை. டிவியைப் போட்டா செம்பரம்பாக்கம் ஏரில 29,000 கனஅடி திறந்துட்டாங்கன்னு அதே பேச்சு. ஆனா செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணி அடையாறுல சேர்றது திருநீர்மலை கிட்ட. முடிச்சூர், வரதராஜபுரம் ரெண்டுமே அதுக்கு மேல்பக்கம். எங்களுக்கு வர்றது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரித் தண்ணி. ஒரு ஏரி நிறைஞ்சு அடுத்ததுக்கு வழிஞ்சு, எல்லாம் சேர்ந்து அடையாறுல இறங்கும். சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரத்து ஆளுங்க செம்பரம்பாக்கத்தைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். நம்ம ஊர்க்காரன் அந்த நியூஸையே நம்பி உக்காந்திருந்தா, மதகு திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல தண்ணி நிக்கும். அதனால உங்க வீட்டுக்கு எந்த ஏரித் தண்ணி வருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். புரோக்கருக்கு அது தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டார். பால் போடறவர், இபி லைன்மேன், மூலைக்கடை அண்ணாச்சி, இவங்களைக் கேளுங்க.

பேப்பர்லயும் பாக்கலாம். வருவாய்த்துறை இணையதளத்துல சர்வே நம்பர் போட்டா அ-பதிவேடு (அந்த நிலம் என்ன வகைன்னு எழுதின பதிவு), புலப்படம் (நில அளவு வரைபடம்) ரெண்டும் வரும். உங்க மனைக்கு மட்டும் பாக்காம அக்கம்பக்கத்து நம்பருக்கும் போட்டுப் பாருங்க. பக்கத்து நம்பர் ஓடை, வாய்க்கால், ஏரின்னு இருந்து, நேர்ல அங்க வீடு நின்னா, மழைத் தண்ணி போற வழி உங்க தெருதான். நம்ம மனைக்குப் பட்டா சுத்தமா இருக்கறது தண்ணிக்கு ஒரு பொருட்டே இல்ல.

இன்னொண்ணு, ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே திரும்பத் திரும்ப தார் போட்டதுல எங்க தெருவுல பாதி வீடு பள்ளத்துக்குப் போயிடுச்சு. கட்டும்போது ரோட்டுக்கு மேல மூணு அடி இருந்த வீடுங்கதான் எல்லாம். புரோக்கர் சொல்ற 2015 கணக்கு இன்னிக்கு ரோடு மட்டத்துக்குச் செல்லாது.

வேளச்சேரி மூணாவது மாடி
எங்க பக்கம் கதை வேற. தண்ணி வர்றது கூடப் பரவாயில்ல, போகவே மாட்டேங்குது. வேளச்சேரித் தண்ணி பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்ல இறங்கி, முட்டுக்காடு பக்கம் கடல் சேரணும். நடுவுல எங்க அடைச்சாலும், கடல் ஏறி நின்னாலும் எங்க தெரு குளம்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மழை விட்டு நாள் கணக்கா கரண்ட் இல்ல, லிஃப்ட் இல்ல, சம்ப் முழுக்க சாக்கடை.

மூணாவது மாடி, நமக்கென்னன்னு இருக்க முடியாது. வீட்டுக்குள்ள சொட்டுத் தண்ணி வரல, வாஸ்தவம். கீழ மீட்டர் போர்டு, மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் எல்லாம் போச்சு. அதெல்லாம் பொதுச் சொத்து. அசோசியேஷன் பேர்ல பில்டிங் முழுசுக்கும் பாலிசி இருந்தாதான் அதுக்குப் பணம் வரும். இப்ப எடுத்துட்டோம். அந்த மீட்டிங்ல நடந்த சண்டையைப் பத்தித் தனியா ஒரு தொடரே எழுதலாம்.

கார் வெச்சிருக்கறவங்களுக்கு: வீட்டுப் பாலிசில வண்டி வராது. தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான பாலிசி மட்டும் இருந்தா மூழ்கின வண்டிக்கு ஒரு பைசா கிடையாது. முழு பாலிசி இருந்தாலும், தண்ணில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணி இன்ஜினுக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னா பிரச்சினைதான். அதுக்கு இன்ஜின் புரொடெக்ட்னு தனியா சேர்த்திருக்கணும். சாவியைத் தொடாம இழுவை வண்டிக்கு ஃபோன் பண்ணுங்க.

லாஸ் அசெஸர்
பொதுக்காப்பீட்டில் சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயராக வேலை பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் வெள்ளத்துக்கென்று தனிப் பாலிசி தேட வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் வீட்டுக் காப்பீட்டுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த பொதுவான பாலிசி ஒன்று உண்டு. பேர் பாரத் கிருஹ ரக்ஷா. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

எவ்வளவுக்கு எடுப்பது என்பதில்தான் குழப்பம். 80 லட்சம் கொடுத்து வாங்கினேன், 80 லட்சத்துக்குப் போடுங்கள் என்பார்கள். நிலத்தை வெள்ளம் கொண்டுபோகாது. இடிந்தால் திருப்பிக் கட்ட எவ்வளவு ஆகுமோ அதுதான் கணக்கு. அது 25 லட்சம் என்றால் 25 லட்சத்துக்கு எடுங்கள். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 5 லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். அந்தத் தானியங்கிக் கணக்கு 10 லட்சத்தைத் தாண்டாது. அதற்கு மேல் வேண்டுமானால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

பழைய பாலிசிகளில் ஒரு கத்தி இருந்தது. 40 லட்சம் பெறுமான கட்டடத்தை 20 லட்சத்துக்குப் போட்டிருந்தால், 4 லட்சம் சேதத்துக்குப் பாதிதான் வரும். இதில் அதை எடுத்துவிட்டார்கள். பலருக்கும் தெரியாத இன்னொன்று: வெள்ளத்தால் வீட்டை விட்டுப் போக நேர்ந்து, அது காரணமாக 7 நாளுக்குள் திருட்டு நடந்தால் அதுவும் சேரும். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் மாற்று வீட்டு வாடகைக்கும் வழி இருக்கிறது.

வராதவை: ரொக்கம், பத்திரங்கள், வாகனம். நகைக்குத் தனியாக மதிப்பு எழுதிச் சேர்த்தால்தான் உண்டு. வருஷக்கணக்காக ஓதம் ஏறி உதிர்ந்த சுவரை வெள்ளக் கணக்கில் எழுதச் சொல்லி என்னிடம் மன்றாடியவர்கள் நிறைய. எழுத முடியாது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, நனைந்த மெத்தை, கட்டில், ஃபிரிட்ஜை அள்ளி வாசலில் போட்டு மாநகராட்சி லாரியில் ஏற்றுவது. நாற்றம் தாங்காது, குழந்தைகள் இருக்கும், புரிகிறது. ஆனால் நான் வரும்போது வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தால் எதைப் பார்த்து எழுதுவேன்? முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு சுவரில் தண்ணீர் நின்ற கறை, ஒவ்வொரு சாமான், அதன் மாடல் நம்பர் எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுங்கள். அப்புறம் கழுவுங்கள். பில்லைப் பீரோவில் வைத்திருந்து அதுவும் நனைந்திருந்தால், ஆன்லைனில் வாங்கியதற்கு மெயிலில் தேடுங்கள், கிடைக்கும்.

புதுவீடு தேடுபவன்
ரொம்ப நன்றி சார். லோன் போடும்போதே பேங்க்ல இன்சூரன்ஸ் சேர்த்துடறோம்னு சொன்னாங்க. அது போதாதா?

மணலி அக்கா
தம்பி, அந்தப் பேப்பரை வாங்கி முதல் பக்கத்தைப் படிப்பா. எங்க தெருவுல ஒருத்தர் மிக்ஜாம் முடிஞ்சதும் அதைத் தூக்கிட்டுப் போனார். அது அவர் உயிருக்குப் போட்டது. அவர் இறந்தா லோன் அடையும், அவ்வளவுதான். சோஃபா மிதந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கடைசில கைக்கு வந்தது ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் குடுத்த 6,000 ரூபாய் மட்டும்.

தூத்துக்குடி மச்சான்
சென்னைக்கு மட்டும்தான் வெள்ளம்னு நெனைக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கோரம்பள்ளம் குளம் ஒடைஞ்சு ஊருக்குள்ள வந்துச்சு. எங்க வீட்டுக்குப் பாலிசி இருந்துச்சு. கம்பெனில முதல்ல குடுத்த தொகை ரொம்பக் கம்மி. சாமான் லிஸ்ட்ல பாதியை விட்டுட்டாங்க.

வரதராஜபுரம் பழைய ஆள்
மச்சான், அதோட விட்டுட்டீங்களா? முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துல போடணும். ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரி கிட்ட போகலாம். நமக்குச் சென்னை தேனாம்பேட்டைல ஆபீஸ். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும். என் சொந்தக்காரர் ஒருத்தர் போய் மிச்சத் தொகையை வாங்கினார்.

வாடகை வாசி
நான் சொந்த வீட்டுக்காரன் இல்ல. கிரவுண்ட் ஃப்ளோர்ல வாடகைக்கு இருக்கேன். எனக்கு ஏதாவது வழி இருக்கா?

லாஸ் அசெஸர்
இருக்கிறது. கட்டடத்தை விட்டுவிட்டு சாமான்களுக்கு மட்டும் இதே பாலிசியை எடுக்கலாம். ஹவுஸ் ஓனர் எடுத்திருந்தாலும் அது அவர் சுவருக்குத்தான், உங்கள் வாஷிங் மெஷினுக்கு அல்ல. எடுக்கும்போது வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.