காவடி விரதமும் கீட்டோனும்

கத்ர் போர்ன் செவிலி:
இங்கே மொரிஷியஸில் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் வந்தால், நீரிழிவு உள்ளவர்கள் "சாப்பாடு குறைச்சல்தானே" என்று இன்சுலின் ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டு வேளை ஊசியைக் குறைக்கலாம். ஆனால் டைப் 1 (உடம்பே இன்சுலின் சுரக்காத வகை) உள்ளவர்கள் நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை விடவே கூடாது. அளவைக் குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லட்டும். இன்சுலின் இல்லாவிட்டால் கல்லீரல் கொழுப்பைக் கீட்டோனாக மாற்றிக்கொண்டே போகும், இரத்தத்தில் அமிலம் ஏறும்.

இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 0.6 முதல் 1.5 வரை என்றால் தண்ணீர் குடித்து, ஊசி விட்டுப்போயிற்றா என்று பார்த்து, 2 மணி நேரத்தில் மறுபடி சோதியுங்கள். 1.5 தாண்டினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 3-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ சாமு ஆம்புலன்ஸுக்கு 114-ஐக் கூப்பிடுங்கள். வயிற்றுவலியை விரதத்துப் பித்தம் என்று கஷாயம் கொடுத்து உட்கார வைப்பதுதான் எனக்குப் பயம். மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கினால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் 114-ஐக் கூப்பிடுங்கள்.

ரோஸ் ஹில் மருந்தகம்:
அக்கா, மாத்திரைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். சர்க்கரை மீட்டர் 9 மில்லிமோல் என்று சமர்த்தாகக் காட்டும்போதே கீட்டோன் 4 இருக்கலாம், டைப் 2 உள்ளவர்களுக்கும்தான். அறுவைச் சிகிச்சைக்கு 3 நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வது இதனால்தான். விரதத்துக்கும் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள்.

கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டை மலிவு, ஆனால் அது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும். டப்பாவில் போட்டிருக்கும் நொடியில் (பெரும்பாலும் 15) நிறம் பாருங்கள், தாமதித்தால் கருத்துவிடும். திறந்த டப்பா 6 மாதம் தாங்கும், நம் ஜனவரி ஈரத்தில் மூடியை இறுக்காவிட்டால் அதுவும் இல்லை. இரத்தக் கீட்டோனுக்குப் பட்டை வேறு, சர்க்கரைப் பட்டை உதவாது.

பம்ப்வாசி:
சர்க்கரை 5, கீட்டோன் 1 என்று வந்தால்?

கத்ர் போர்ன் செவிலி:
பெரும்பாலும் பட்டினிக் கீட்டோன். இன்சுலின் மட்டும் போட்டால் சர்க்கரை சரிந்துவிடும் தம்பி. கரும்புச் சாறோ பழச்சாறோ குடித்து, அதற்குரிய இன்சுலினையும் போட வேண்டும். மருந்தகத்தார் சொன்ன அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பட்டினி என்று விடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். கீட்டோன் 1.5 தாண்டியிருந்தால், சர்க்கரை எதுவாக இருந்தாலும் காவடி எடுத்து நடக்க வேண்டாம். இன்சுலின் பற்றாத உடம்பில் நடை கீட்டோனை இன்னும் ஏற்றும், வெயில் வேறு நீரை வற்றவைக்கும். முருகன் அடுத்த வருஷமும் இருப்பார்.

பம்ப்வாசி:
இன்சுலின் பம்ப் (குழாய் வழியே இன்சுலினை விட்டுக்கொண்டே இருக்கும் கருவி) போட்டவர்களுக்கு: உள்ளே இருப்பது வேக இன்சுலின் மட்டும். இடுப்புத் துணி இழுத்துக் குழாய் மடிந்தால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறும். சர்க்கரை 14-க்கு மேல், கீட்டோன் 0.6-க்கு மேல் என்றால் சர்க்கரையை இறக்கப் போடும் திருத்த அளவைப் பம்பில் கொடுக்காதீர்கள், அது உள்ளே போகிறதா என்றே தெரியாது. இன்சுலின் பேனாவில் போட்டுவிட்டு, குழாய் செட்டை மாற்றுங்கள். பேனாவை உங்களோடு நடந்து வருபவரிடம் குளிர்ப்பையில் கொடுத்து வையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் விட்டால் இன்சுலின் கெட்டுப்போகும்.