சுவர் ஜூக்பொக்ஸ் செய்தவர்கள் வாருங்கள்: எங்கள் பெரியம்மாவின் விரலுக்குத் திரை அசையவில்லை

டிக்கோயா ஆற்றோரம்:

தெரிவு செய்த பாட்டைப் பாடும் பெட்டியான ஜூக்பொக்ஸ் ஒன்றை, சுவரில் மாட்டும்படி வீட்டிலேயே செய்தேன். செட்டப் பற்றி நீட்டவில்லை, இங்கே பாதிப் பேர் இதே வேலையைச் செய்தவர்கள்தான். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கொம்பியூட்டர், 15 அங்குல டச் திரை, ஒலியைக் கூட்டச் சின்ன அம்ப் ஒன்று, மூலைக்கொன்றாய் இரண்டு ஸ்பீக்கர். சட்டம் யூகலிப்டஸ் பலகையில் எங்கள் ஊர் தச்சு பாஸ் இழைத்துத் தந்தது. கரம் போர்டும் டார்ட் போர்டும் இருக்கும் பின்னறைச் சுவரில் மாட்டி, தீபாவளிக்கு முந்தின இரவே பாட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் பெரியம்மா வந்தார். ஓய்வு வாங்கும்வரை மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். வாசிக்கத் தெரியாது. அதனாலேயே பாட்டுப் பெயருக்குப் பதிலாக நடிகர்களின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். எம்.ஜி.ஆரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தார். இல்லை. என் மகள் இடையில் புகுந்து தொட்டாள், உடனே பாட்டு வந்தது. பெரியம்மா மறுபடி தொட்டார், திரை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. விரல் நுனியைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார். "என் கைக்கு இது கேக்காதுய்யா, நீ புள்ளைகளுக்குப் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு குசினிப் பக்கம் போய்விட்டார்.

காரணம் தெரியும். இந்த வகைத் திரை அழுத்தத்தை அறிவதில்லை. விரல் பட்டவுடன் அந்த இடத்து மின்புலத்தில் வரும் மாற்றத்தைத்தான் அறிகிறது. தோல் காய்த்துத் தடித்து வறண்டிருந்தால் அந்த மாற்றம் போதாமல் போய்விடும். காரணம் தெரிந்து என்ன செய்ய? காலமெல்லாம் உழைத்த விரல் என்பதற்காகவே ஒரு சாமான் ஒருவரை ஒதுக்குகிறது. அதை என் வீட்டுச் சுவரில் அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற வீடுகளில் இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

மஸ்கெலியா மின்னல்:

நடந்திருக்கிறது அண்ணே. எங்கள் மாமாவுக்கு. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. அவர் போன் திரையையே நாலு தடவை தட்டித்தான் எடுப்பார், அதனால் ஆரம்பத்திலேயே டச் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

வீடியோ கேம் பெட்டிகளில் வருமே, பெரிய வட்டப் பொத்தான்கள், அவைதான். எல்லா வயரும் ஒரு சின்ன யூஎஸ்பி பலகைக்குப் போகும், கொம்பியூட்டர் அதை ஜோய்ஸ்டிக் என்று எடுத்துக்கொள்ளும். பழைய ஜூக்பொக்ஸின் முறையும் இதேதான். சீபர்க் கம்பனி 1948இல் கொண்டுவந்த பெட்டியில் 50 இசைத்தட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 100 பாட்டு. ஓர் எழுத்து, ஓர் எண், பாட்டு வந்துவிடும். நான் எழுத்துக்குப் பதிலாகப் படம் வைத்தேன். ஒரு வரிசையில் பத்து முகங்கள்: எம்.ஜி.ஆர்., சிவாஜி, பொப் பாடகர் சிலோன் மனோகர் என்று. அடுத்த வரிசையில் பத்து எண்கள்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எண் எப்படி என்று கேட்பீர்கள். கொழுந்தெடுக்கும் பெண்களில் எண் தெரியாதவர் யார்? நிறுவையில் ஒரு கிலோ குறைத்துப் போட்டால் முதலில் சத்தம் போடுவது அவர்கள்தானே.

மாமா முதல் நாள் பொத்தானை அழுத்தினார், 'டக்' என்றது. பாட்டு தொடங்கியும் அவர் கேட்கவில்லை. "இது ஒரிஜினல் சுவிட்சு மாதிரி இருக்கே" என்று வரிசையாக ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். ஏகப்பட்ட பாட்டு வரிசையில் நின்றுவிட்டது. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவ்வளவு சந்தோஷத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

இன்னொரு வழி, திரையைச் சுற்றி இன்ஃப்ராரெட் சட்டம் போடுவது. அது விரலின் மின்புலத்தைப் பார்ப்பதில்லை, ஒளிக்கதிரை எது மறைத்தாலும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும்: காய்த்த விரல், கையுறை, கரம் அடிக்கும் ஸ்ட்ரைக்கர்கூட. ஆனால் கரம் பவுடர் அந்தச் சட்டத்தின் விளிம்பில் படிந்தால் யாரும் தொடாமலே பாட்டு மாறும். உங்கள் அறையில் கரம் இருப்பதால் அதைச் சொல்கிறேன்.

பனிமூட்டம் 1868:

பொத்தானா திரையா என்பது இரண்டாவது பிரச்சினை. டிக்கோயாக்காரர் முதலில் அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். நுவரெலியாவில் ஆடி மழை முடிந்து நான் என்னுடையதைக் கழற்றியபோது சட்டத்தின் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம், ஸ்பீக்கர் வயர் மாட்டும் செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. ஒரு பக்கப் பாட்டு வரவே இல்லை. அந்தப் பச்சை நிறத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எனவே சொல்கிறேன், கேளுங்கள். அமெரிக்கச் சாப்பாட்டுக் கடைகளில் மேசைக்கு மேசை சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டிகளுக்குள் இசைத்தட்டு எதுவும் இல்லை. சீபர்க்கின் வால்-ஓ-மாட்டிக் அப்படித்தான்: பெட்டியில் தெரிவு மட்டும், அது வயர் வழியே சமிக்ஞை அனுப்பும், பாடும் இயந்திரம் வேறோர் இடத்தில். அதையே நீங்களும் செய்யுங்கள். சுவரில் திரையோ பொத்தானோ மட்டும் இருக்கட்டும். கொம்பியூட்டர், அம்ப், ஹார்ட் டிஸ்க் எல்லாம் குசினி அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் ஓர் அலுமாரிக்குள் இருக்கட்டும். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான். அலுமாரி முன்பக்கம் காற்றோட்டத்துக்கு வலை, வலைக்குப் பின்னால் மெல்லிய ஸ்பொஞ்ச், கரம் பவுடர் ஃபேனுக்குள் போகாமல் இருக்க. சுவர் மழை அடிக்கும் வெளிச்சுவரா? அப்படியானால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரின் ஈரம் முழுவதும் பலகைக்குத்தான். சட்டத்துக்குள் 230 வோல்ட் வரவே கூடாது. அடப்டர் கீழே, மேலே போவது 12 வோல்ட் மட்டும். கருங்கல் சுவரென்றால் கல்லில் துளைக்கலாம், இடையில் இருக்கும் பழைய சுண்ணாம்புக் கலவையில் ஸ்குரூ முடுக்கும் பிளக் நிற்காது. சீமெந்துக் கல் உள்ளே குடைவாக இருந்தால் குறுக்கே ஒரு பலகையை நாலைந்து இடத்தில் முடுக்கிவிட்டு, அந்தப் பலகையில் பெட்டியை மாட்டுங்கள்.

இன்னொன்று. ராஸ்பெரி பை இந்த ஊருக்குச் சரிப்படாது. பாட்டு ஓடும்போது கரண்ட் போனால் மெமரி கார்ட் கெட்டுவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்போது எத்தனை பேருடைய கார்ட் போனது! பழைய லேப்டாப் ஒன்றை எடுத்துத் திரையைக் கழற்றிப் போடுங்கள். பட்டரி உள்ளேயே இருக்கிறது, தனியாக யூபிஎஸ் தேவையில்லை. இரவு பகலாக ஓடவிட்டால் அதன் சூடே ஈரத்தை அண்டவிடாது.

ஊவாக்காற்று:

மன்னிக்கவும், அந்தக் கடைசி யோசனையை யாரும் செய்யாதீர்கள். நான் பதுளையில் அதைத்தான் செய்திருந்தேன், ஒருவர் சொன்னதைக் கேட்டு. லேப்டாப் பட்டரி மாதக் கணக்கில் முழு சார்ஜில் சூட்டோடு கிடந்தால் வீங்கும். ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தம்பிகள் எல்லாம் கரம் ஆடுகிறோம், நான் சிவப்புக் காயை அடிக்கக் குனிகிறேன். சுவரில் பலகை 'மளுக்' என்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால் சட்டத்தின் நடுப்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. உள்ளே பட்டரி தலையணை போல் உப்பியிருந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அதைத் தகரத் தட்டில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோன தூரம் இருக்கிறதே, என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததில்லை. மரச்சட்டத்துக்குள் அது பற்றியிருந்தால்?

மெமரி கார்ட் கெடுவதற்கு வழி இருக்கிறது. ராஸ்பெரி பையின் செட்டிங்கிலேயே கார்டை வாசிக்க மட்டும் விடும் முறை உண்டு. அதைப் போட்டுவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, கரண்ட் எத்தனை தடவை போனாலும் அது பாட்டுக்கு எழுந்து ஓடும். பாட்டுகளைத் தனியாக ஒரு பென் டிரைவில் வையுங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஒரு எம்பிதான், 32 ஜிபியில் எட்டாயிரம் பாட்டு வரை பிடிக்கும்.

மழைக் கணக்கும் எல்லா ஊருக்கும் ஒன்றல்ல. உங்களுக்கு ஆனி, ஆடி. எங்களுக்குக் கார்த்திகை, மார்கழிதான் ஈரம். மின்னல் மட்டும் இரண்டு பக்கமும் பொது: சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி கேட்டவுடன் பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அன்டெனா வயர் டீவிக்கு வந்து, டீவியிலிருந்து அம்புக்குப் போயிருந்தால் அதையும் கழற்ற வேண்டும்.

பனிமூட்டம் 1868:

பட்டரி வீங்கியது கேட்டுக் கவலையாக இருக்கிறது. ஆனால் 80 வீதத்தில் சார்ஜை நிறுத்தும் செட்டிங் பல லேப்டாப்பில் இருக்கிறது. அலுமாரி பற்றிச் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

தலவாக்கலை அக்கா:

தம்பிமார் சண்டையை நிறுத்துங்கள். கேட்ட கேள்வி பெரியம்மாவைப் பற்றியது.

எங்கள் அப்பாவுக்கு நான் அட்டை செய்தேன். பஸ் சீசன் டிக்கெட் அளவு, உள்ளே சின்னச் சிப். சட்டத்தின் அடியில் ஒரு தட்டு, தட்டுக்குக் கீழே அட்டையை வாசிக்கும் ரீடர். யூஎஸ்பி ரீடர் வாங்கினால் விசைப்பலகை மாதிரி அட்டையின் எண்ணைத் தானாகவே அடித்துவிடும், வயர் எதையும் பற்றவைக்கத் தேவையில்லை. அட்டையில் நான் படம் ஒட்டினேன். திரையே வேண்டாம், விரல் எப்படி இருந்தால் என்ன.

அப்பா தப்பு மேளம் அடிப்பார். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடியபோது யாரோ கசட்டில் பிடித்திருக்கிறார்கள், அது அலுமாரி மூலையில் கிடந்தது. நாடா ஓரத்தில் வெள்ளையாய்ப் பூஞ்சணம். நேரே போட்டுப் பாட விடாமல் முதலில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகச் சுற்றி எடுத்தேன், ஒட்டியிருந்த சுற்றுகள் பிரிய வேண்டும். இடையிடையே டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பிறகுதான் கொம்பியூட்டருக்கு ஏற்றியது. அரை மணித்தியாலப் பக்கத்துக்கு அரை மணித்தியாலம் உட்கார்ந்தே ஆக வேண்டும், இதில் அவசரப்பட முடியாது.

அந்த அட்டைக்கு அப்பாவின் தப்பையே படமாக ஒட்டினேன். அவர் தட்டில் வைத்தார். தப்புச் சத்தம், கூத்து வாத்தியாரின் குரல், ரதி புலம்பும் இடம், நடுவில் அப்பாவே யாரையோ "டேய் தள்ளி நில்லுடா" என்று அதட்டுவது. அவரோடு அன்று அடித்தவர்களில் பலர் இப்போது இல்லை. அசையாமல் கேட்டார். முடிந்தது. நான் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் அட்டையைக் கையில் எடுத்து, திருப்பி, மறுபக்கமாகத் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த பக்கம் வரும் என்று காத்திருந்தார்.

ரீடருக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது, அதே எண்தான் போகும். முதல் பாட்டே மறுபடி ஆரம்பித்தது. அப்பா என்னைப் பார்த்தார். "மத்தப் பக்கம் எங்கம்மா?" 

அன்றிரவே மாற்றினேன். அதே அட்டையை உடனே இரண்டாவது தடவை வைத்தால் இரண்டாம் பக்கம். இந்த மாதிரி அட்டை ஜூக்பொக்ஸுக்கென்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளிலேயே அந்த வசதி இருக்கிறது. டிக்கோயாத் தம்பி, நீங்கள் திரையை எடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் திரை இருக்கட்டும், கீழே தட்டு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு மெல்லிய பலகை போதும். தகரம் போட்டால் ரீடர் வாசிக்காது.

டிக்கோயா ஆற்றோரம்:

அக்கா, படித்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. தட்டு வைக்கிறேன். எங்கள் பெரியம்மா பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார், "ஓடத்துல போற பாட்டு" என்பார். ஓடத்தைப் படமாக ஒட்டினால் போதும், இல்லையா? பலகை எத்தனை மில்லிமீற்றர்?

தலவாக்கலை அக்கா:

போதும். அவர் எப்படிச் சொல்கிறாரோ அதுதான் படம். 3 மில்லிமீற்றர் பிளைவுட்.

கினிகத்தேனை சலூன்:

இது வேறு தொல்லை, ஆனால் இங்கேதான் யாருக்காவது தெரியும். ரெக்கோடிங் பார், அதாவது பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்த ஒருவர் கடையை மூடும்போது தன் கொம்பியூட்டரில் இருந்த மொத்தப் பாட்டையும் எனக்குத் தந்துவிட்டார். இலங்கைப் பொப் பாட்டுகள், வேறெங்கும் கிடைக்காதவை. ஒரு பெரியவர் முடிவெட்ட வந்தவர், வேலணையோ நெடுந்தீவோ அவருக்குச் சொந்த ஊர், வாலிபத்தில் கேட்ட ஒரு பாட்டைக் கேட்டார். பாட்டு உள்ளே இருக்கிறது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் திரையில் எல்லாப் பெயரும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கிக் கிடக்கிறது, எதையும் தேட முடியவில்லை. பஸ் வந்துவிட்டது, அவர் போய்விட்டார். வேலையே ஓடவில்லை அன்றைக்கு.

தலவாக்கலை அக்கா:

அது பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். யுனிகோட் வருமுன் நம் நாட்டில் பாதித் தமிழ் அப்படித்தான் அடிக்கப்பட்டது. கோப்பு கெடவில்லை, பயப்படாதீர்கள். பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாக எடுங்கள், பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன, அதில் போட்டு எடுத்துத் திரும்பப் பாட்டுகளுக்கு ஏற்றுங்கள். ஏற்ற எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும். முதலில் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, நாலைந்து பாட்டில் மட்டும் செய்து பாருங்கள். ராஸ்பெரி பைக்குத் தமிழ் எழுத்துரு தனியாகப் போட வேண்டும், நோட்டோ போடுங்கள், இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

மஸ்கெலியா மின்னல்:

சலூன் அண்ணே, மனோகர் பாட்டுகள் எனக்கும் ஒரு பிரதி வேண்டும். ஞாயிறு கினிகத்தேனை வழியாகத்தான் வருகிறேன், பென் டிரைவ் கொண்டுவருகிறேன். பெயர் மாற்றும் வேலையை அங்கேயே உட்கார்ந்து சேர்ந்து செய்வோம்.