புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டில் கியூஓ-100 சிக்னல் நகர்வது நின்றது

போன மாதம் கேட்டிருந்தேன்: அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளான கியூஓ-100-ஐக் கேட்கப் பின்கட்டு மாடியில் டிஷ், முகப்பு அறையில் ரிசீவர், நடுவே 70 மீட்டர் கேபிள். வெயில் ஏற ஏற சிக்னலின் அதிர்வெண் இடம்விட்டு ஓடியது, சத்தமும் மங்கியது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, பழைய எல்என்பியை (டிஷ் முனையில் சிக்னலை வாங்கி, அதிர்வெண்ணைக் குறைத்து அனுப்பும் கருவி) எடுத்துவிட்டு, கிரிஸ்டலோடு ஒப்பிட்டு அதிர்வெண்ணைப் பூட்டி வைக்கும் பிஎல்எல் வகை போடச் சொன்ன யோசனை. கூடவே அதன் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் பதில் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்து ஓடும் ஆஸிலேட்டரைக் கொடுத்தேன். வரும் சிக்னலிலிருந்து எல்என்பி கழிக்கும் 9750 மெகாஹெர்ட்ஸ், அந்த 25-ஐ 390 மடங்காக்கித்தான் வருகிறது. இங்கே 1 ஹெர்ட்ஸ் பிசகினால் அங்கே 390. இப்போது 10489.750 பீக்கன் (செயற்கைக்கோளின் அடையாள சிக்னல்), கழித்தது போக, உச்சி வெயிலிலும் 739.750-இல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

அப்புறம், சத்தம் மங்காமலிருக்க அந்தக் கேபிளுக்குப் பதில் ஃபைபர், அதாவது சிக்னலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழை. பர்மா தேக்கு நிலையில் துளை போட ஆச்சி விடவில்லை; நூல் மாதிரி இருந்ததால் சன்னல் இடுக்கிலேயே வளவைத் தாண்டிவிட்டது.

எதிர்பாராதது: சிக்னலை ஒளியாக்க முதலில் வாங்கிய ஆப்டிகல் டிரான்ஸ்மிட்டர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்குத்தான். 739 அதில் அடங்காது! 47-இலிருந்து தொடங்குவதாக மாற்றிய பிறகே கேட்டது. இன்னொன்று, ஃபைபரில் மின்சாரம் போகாது. எல்என்பிக்கு 13 வோல்ட்டை மாடியிலேயே தனியாகக் கொடுத்திருக்கிறேன்.