பார்த்த அனிமேக் கணக்கை எதில் வைத்திருக்கிறீர்கள்?

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். பார்த்த அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) எல்லாவற்றையும் போனில்தான் குறித்து வைத்திருந்தேன். போன மாதம் 100 ஆம் இலக்க பஸ்ஸில் இருந்து இறங்கும்போது போன் விழுந்து செத்துப்போனது. ஏழு வருடக் கணக்கும் அதோடு சரி.

இனி இதற்கென்றே இருக்கும் ஒரு இணையத் தளத்தில்தான் போடப் போகிறேன். மைஅனிமேலிஸ்ட், அனிலிஸ்ட், கிட்சு என்று மூன்றைப் பார்த்தேன். மைஅனிமேலிஸ்ட் 2004 இல் இருந்து இருக்கிறது. விமர்சனங்கள் குவிந்து கிடக்கின்றன, சொந்த ஆப்பும் உண்டு. ஆனால் புள்ளி 1 முதல் 10 வரை முழு எண்ணில் மட்டும்தான். ஏழரை கொடுக்க நினைக்கும் என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? அனிலிஸ்டில் தசமம், 100 புள்ளி, நட்சத்திரம், சிரிப்பு முகம் என்று விருப்பம்போல் மாற்றலாம். அடுத்த எபிசோடுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்றும் காட்டுகிறது. ஜப்பான் நேரத்தில் மூன்றரை மணி கழித்துப் பார்க்கும் தொல்லை இல்லை. அதிகாரபூர்வ ஆப் இல்லாததுதான் இடிக்கிறது. கிட்சு பார்க்க அழகு, ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை.

மைஅனிமேலிஸ்ட் பட்டியலை அனிலிஸ்டுக்குள் ஏற்றலாம் என்று தெரியும். மறுபக்கம், அனிலிஸ்டில் இருந்து மைஅனிமேலிஸ்டுக்கு, மாறினவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புள்ளிகள், குறிப்புகள் எல்லாம் ஒழுங்காக வந்ததா? மங்காவும் (ஜப்பான் சித்திரக்கதை) வாசிக்கிறவர்கள் எதைப் பாவிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.