காசில்லாததால் பிழைத்த வீடு

இங்கிலாந்தில் செஷையர் பக்கம் போகிறவர்கள் காங்கிள்டனுக்கு அருகே இருக்கும் லிட்டில் மோர்ட்டன் ஹாலை விட்டுவிட வேண்டாம். அரண்மனை என்றெல்லாம் சொல்ல முடியாது. அகழி சூழ்ந்த ஒரு நிலக்கிழார் வீடு, அவ்வளவுதான். ஓக் மரச்சட்டங்களும் நடுவே பூசி அடைத்த சுவரும். 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, சுமார் 1610 வரை தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

முற்றத்துக்குள் நுழைந்ததும் என்னை நிறுத்தியது ஜன்னல்கள்தான். சுவரைவிட்டுப் பிதுங்கி நிற்கும் இரண்டு ஜன்னல் மாடங்கள், கூரையும் கூரையும் முட்டிக்கொள்ளாத குறை. மேலே மரத்தில் எழுத்து செதுக்கியிருக்கிறது: 1559இல் வில்லியம் மோர்ட்டன் செய்வித்தது என்றும், கூடவே ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் கடவுள் அருளால் செய்தது என்றும். வீட்டுக்காரர் பெயருக்குப் பக்கத்திலேயே ஆசாரியின் பெயர்! எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

அப்புறம் மாடி. தெற்குப் பகுதியின் உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரு கூடம். மழைநாளில் உள்ளேயே உலாவ, விளையாட. மரப்பலகைக்குப் பின்னாலிருந்து பழங்காலத்து டென்னிஸ் பந்துகள்கூட கிடைத்திருக்கின்றன. தரை சமமாக இல்லை, நடக்கும்போது கால் தானாகச் சரிவுப் பக்கம் போகிறது. இந்தக் கூடம் பிறகு தோன்றிய யோசனை. அதன் தலையில் கனத்த கற்பலகைக் கூரை வேறு. அத்தனை பாரத்தையும் சுமந்து கீழே இருந்த சட்டங்கள் வளைந்துவிட்டன. வீடு கோணலாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மோர்ட்டன்கள் மன்னர் பக்கம் நின்றார்கள். 1643இல் நாடாளுமன்றத் தரப்பு வீட்டைப் பிடுங்கிக்கொண்டு சிப்பாய்களைத் தங்கவைத்தது. வீடு திரும்பக் கிடைத்தாலும் கடன் போகவில்லை. நிலங்களை விற்றார்கள், வீட்டைக் குத்தகை விவசாயிகளுக்கு விட்டார்கள். கையில் காசு இருந்திருந்தால் நிச்சயம் இதை இடித்துவிட்டு அந்தக் காலத்து மோஸ்தரில் செங்கல் மாளிகை எழுப்பியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிற்றாலயத்தில் நிலக்கரி கொட்டி வைத்திருந்தார்களாம். 1892இல் வீட்டுக்கு உரிமையாளரான கன்னியாஸ்திரி எலிசபெத் மோர்ட்டன்தான் அந்தச் சிற்றாலயத்தைச் சீரமைத்தார். 1938இலிருந்து வீட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது.

எல்லோரும் படம் எடுக்கும் வீட்டின் அந்தக் கறுப்பு வெள்ளை நிறம், விக்டோரியா காலத்து வேலை. முதலில் ஓக்கைச் சாம்பல் நிறத்தில் அப்படியே விட்டு, சுவருக்கு மஞ்சள் காவிதான் அடித்திருந்தார்கள்.